எலும்பு காத்திருக்கும்!

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் மலைப் பாதையிலுள்ள 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே ஏறுவது வழக்கம். மேலே போனதும் ஏரியில் படகு விடுகிறார்கள். சேர்வராயன் கோவில் குகைக்குள் குனிந்து சென்று கும்பிடுகிறார்கள். திரும்பும்போது காப்பிக் கொட்டையும் ஒரு பொட்டலம் மிளகும் வாங்கிக்கொண்டு இறங்குகிறார்கள். அந்த மிளகு மரத்திலிருந்து எப்படி இறங்கி வந்தது என்று நினைத்துப் பார்ப்பவர்கள் மிகச் சிலரே.

1820-களில் சேலத்தில் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை இந்த மலைக்குக் காப்பிப் பயிரைக் கொண்டுவந்தார். காப்பிச் செடிக்கு நிழல் வேண்டும். நிழலுக்காக ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த சில்வர் ஓக் மரங்களை வரிசை வரிசையாக வைத்தார்கள். அந்த மரங்களைப் பற்றிக்கொண்டு மிளகுக் கொடி மேலே ஏறுகிறது. கொடி எவ்வளவு உயரம் போகிறதோ அவ்வளவு உயரம் மனிதனும் போய்த்தான் ஆகவேண்டும். பனியில் நனைந்த மூங்கில் ஏணி, வழுக்கும் அடிமரம், இடுப்பிலே சாக்குப் பை. இவற்றோடு நடக்கிற வேலை அது. பெரியவர்கள் பிழைப்புக்காக ஏறுகிறார்கள் என்றால், குழந்தைகள் கொய்யாப் பழத்துக்காகவும் பலாப் பிஞ்சுக்காகவும் ஏறுகிறார்கள். ஏறுகிறவர்களில் எவரேனும் ஒருவர் எப்போதாவது விழாமலும் இருப்பதில்லை.

விழுகிற மனிதன் என்ன செய்கிறான்? யோசிப்பதற்கு முன்பே கையை நீட்டித் தரையில் ஊன்றுகிறான். முகத்தையும் தலையையும் காப்பதற்கு இயற்கை கற்றுக்கொடுத்த வித்தை அது. ஆனால் உடம்பின் பாரமெல்லாம் உள்ளங்கை வழியாக மேலேறி, முழங்கையையும் தோளையும் இணைக்கும் ஒற்றை எலும்பிலே போய்த் தாக்குகிறது. அதுதான் புஜத்தெலும்பு. அது முறிந்தால் என்ன செய்வது, என்ன செய்யக்கூடாது என்பதை மலைமேல் இருப்பவர்கள் மட்டுமன்றிச் சமவெளியில் உள்ள குடும்பத்தாரும் தெரிந்துகொள்வது நல்லது. மாடிப்படியும் மாமரமும் சைக்கிளும் எங்கேதான் இல்லை?

ஓர் எலும்பு, மூன்று பருவம்

புஜத்தெலும்பு ஒன்றுதான் என்றாலும், அது முறிகிற இடம் வயதுக்கு வயது மாறுகிறது. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் முழங்கைக்குச் சற்று மேலே முறிகிறது. அங்கே எலும்பு அகன்று, தட்டையாய், மெலிந்திருக்கிறது. ஐந்து வயது முதல் எட்டு வயது வரையிலுள்ள பிள்ளைகளிடம் இந்த முறிவை அதிகமாகக் காணலாம். வாலிபப் பிராயத்தில், பலமான அடி பட்டால், எலும்பின் நடுத்தண்டு முறிகிறது. முதுமையில் எலும்பு உளுத்துப் போயிருப்பதால், வீட்டு வாசலில் தடுக்கி விழுந்தால்கூடத் தோளுக்கு அருகே முறிகிறது.

ஆகவே, "அடுத்த வீட்டுக்காரருக்குக் கட்டுப் போட்டே சரியாகிவிட்டதே, நம் பையனுக்கு மட்டும் எதற்கு ஆஸ்பத்திரி?" என்று கேட்பது பொருந்தாது. அடுத்த வீட்டுக்காரருக்கு முறிந்தது தண்டு. பையனுக்கு முறிந்தது முழங்கைக்கு மேலே. எலும்பு ஒன்றானாலும் அபாயம் வேறு.

எலும்பைப் பார்க்குமுன் விரலைப் பாருங்கள்

குழந்தைகளின் முழங்கை முறிவில் என்ன அபாயம்? புஜத்திலிருந்து கைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெரிய குழாய் முழங்கையின் முன்புறமாக, எலும்பை ஒட்டியே போகிறது. கையை ஆட்டிவைக்கும் மூன்று முக்கியமான நரம்புகளும் முழங்கையை ஒட்டியே செல்கின்றன. முறிந்த எலும்பின் கூரிய முனை முன்னால் தள்ளிக்கொண்டு வரும்போது இவற்றில் ஏதேனும் ஒன்றை நசுக்கிவிடலாம். அதோடு வீக்கம் வேறு சேர்கிறது. அந்த வீக்கத்தின்மேல் இறுக்கிக் கட்டுப் போட்டால், எலும்பின் முனை செய்யாத தீங்கைக் கட்டே செய்து முடித்துவிடும்.

ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் ரிச்சர்ட் வான் வோல்க்மன் என்று ஒரு பெரிய ரண வைத்தியர் இருந்தார். ரிச்சர்ட் லியாண்டர் என்ற புனைபெயரில் குழந்தைகளுக்கான கதைகளும் எழுதியவர் அவர். இறுக்கிக் கட்டிய கட்டுகளுக்குப் பிறகு சிலருடைய கை பறவையின் கால் நகம்போல் மடங்கி, விறைத்து, உபயோகமற்றுப் போவதை அவர் கவனித்தார். இரத்தம் கிடைக்காமல் தசை செத்துச் சுருங்குவதுதான் காரணம் என்று 1881-ம் ஆண்டில் விளக்கி எழுதினார். இன்றும் அந்தக் கோணலை வைத்தியர்கள் அவர் பெயராலேயே அழைக்கிறார்கள்.

இரத்தம் கிடைக்காத தசை சுமார் 6 மணி நேரம் தாக்குப் பிடிக்கும். அதற்குப் பிறகு நேரும் கேட்டை முழுதும் சரிசெய்ய எந்த வைத்தியராலும் ஆகாது. எலும்பு அப்படியல்ல. அது ஓரிரு நாள் பொறுத்துச் சேர்த்தாலும் சேரும். கோணலாய்ச் சேர்ந்துவிட்டால்கூட, பிற்காலத்தில் வெட்டி நேராக்கிக்கொள்ளலாம். சுருக்கமாய்ச் சொன்னால், எலும்பு காத்திருக்கும், இரத்தம் காத்திராது. இந்த ஒரு வார்த்தையை மனத்தில் வைத்துக்கொண்டால், மற்றவையெல்லாம் தாமே விளங்கும்.

கைக்கு இரத்தம் போகிறதா என்று அறிய வீட்டிலுள்ளவர்களே சில சோதனைகள் செய்யலாம். விரல்களின் நிறத்தையும் சூட்டையும் அடிபடாத கையோடு ஒத்துப் பாருங்கள். நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். பிறகு குழந்தையிடம் விளையாட்டாகவே கேளுங்கள்: "கட்டைவிரலை மேலே தூக்கிக் காட்டு, சுட்டுவிரலையும் கட்டைவிரலையும் சேர்த்து வட்டம் போடு, விரல்களை அகல விரி." இம்மூன்றையும் செய்தால் மூன்று நரம்புகளும் வேலை செய்கின்றன என்று கொள்ளலாம். செய்ய முடியாவிட்டால் அதை நினைவில் வைத்துக்கொண்டு வைத்தியரிடம் சொல்லுங்கள். எந்த நேரத்தில் எப்படி இருந்தது என்ற சேதி அவருக்கு மிகவும் உதவும்.

கட்டுப் போட்ட பிறகும் கவனம் வேண்டும். வலி குறைவதற்குப் பதில் ஏறிக்கொண்டே போனாலும், குழந்தை நிலைகொள்ளாமல் தவித்து வலிமருந்தை அடிக்கடி கேட்டாலும், மடங்கிய விரலை மெல்ல நிமிர்த்தும்போது அலறினாலும், "கட்டுப் போட்டால் வலிக்கத்தான் செய்யும்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டு இரவைக் கழிக்கக்கூடாது. துணிக் கட்டாயிருந்தால் சதை தெரியும் வரையில் முழுவதையும் தளர்த்திவிட வேண்டும். கையை மார்பின் மட்டத்தில் வைத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும். விடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணினால், பார்ப்பதற்கு நல்ல கை மிஞ்சியிராது.

மலை இறங்குமுன்

சேர்வராயன் மலையில் இந்த 6 மணிக் கணக்கு இன்னும் நெருக்கடியானது. கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டிலிருந்து சேலம் சுமார் 30 கிலோமீட்டர். வளைந்து வளைந்து இறங்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகிறது. மலையாளி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் உட்கிராமங்களிலிருந்து ஏற்காட்டுக்கு வந்து சேர்வதற்கே தனியாக நேரம் வேண்டும். கணக்கு ஆரம்பமாவது ஆஸ்பத்திரி வாசலில் அல்ல, இரத்த ஓட்டம் தடைப்பட்ட நிமிஷத்தில் என்பதை மறக்கக்கூடாது.

ஆனால் அவசரத்தில் பிழை செய்யவும் கூடாது. புறப்படுமுன் செய்ய வேண்டியவை அதிகமில்லை.

முதலாவது, வளையல், மோதிரம், கைக்கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். வீங்கிய பிறகு அவை கழலா. இரண்டாவது, கையை இழுத்து நேராக்கப் பார்க்காதீர்கள். எந்த நிலையில் குழந்தைக்கு வலி குறைவோ அந்த நிலையிலேயே, சற்று மடக்கினாற்போல் விட்டு, மடித்த பத்திரிகைத் தாளையோ அட்டையையோ மட்டைபோல் வைத்துத் துணியால் தளர்வாகக் கட்டுங்கள். முறிந்த இடத்தின்மேல் முடிச்சு வரவேண்டாம். வீங்கின முழங்கையை முழுதும் மடக்கிக் கட்டினால், முன்னால் போகும் இரத்தக் குழாய் நெருக்குண்ணும். மூன்றாவது, ஒரு துண்டைக் கழுத்தில் தூளிபோல் மாட்டி அதில் கையைத் தாங்கவிடுங்கள். நான்காவது, எண்ணெய் தேய்த்து நீவ வேண்டாம். முழங்கையைப் பலமாக நீவினால் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து மூட்டு பூட்டிக்கொள்வதுண்டு. ஐந்தாவது, மயக்கமருந்து கொடுக்க நேரலாம். ஆகையால் பாலோ பலகாரமோ கொடுத்துக் குழந்தையைச் சமாதானப்படுத்த வேண்டாம்.

எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தால் சுத்தமான துணியால் மூடினால் போதும், உள்ளே தள்ளக்கூடாது. தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடும் 108 ஆம்புலன்ஸ் வண்டியை அழைக்கலாம். வண்டி வரும்வரையில் பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு முறை விரலைப் பார்த்துக்கொண்டேயிருங்கள்.

ஆஸ்பத்திரியில் நடப்பது என்ன?

"கத்தி வைத்துவிடுவார்களோ?" என்பதுதான் தாய்மார்களின் பெரிய பயம். சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி போன்ற பெரிய இடங்களில் இந்த முறிவுக்குச் செய்யும் சிகிச்சையைக் கேட்டால் அந்தப் பயம் பாதி குறைந்துவிடும்.

கார்ட்லண்ட் என்ற அமெரிக்க வைத்தியர் 1959-ல் இம்முறிவுகளை மூன்று வகையாகப் பிரித்தார். எலும்பு விலகாமல் கீறல் மட்டும் விட்டிருந்தால் மூன்று வாரம் மாவுக்கட்டே போதும். சற்று விலகியிருந்தால் நேர்ப்படுத்திக் கட்டுவார்கள். நிலைத்து நில்லாது என்று தோன்றினால் கம்பியும் வைப்பார்கள். முழுதும் விலகியிருந்தால் மயக்கமருந்து கொடுத்து, எக்ஸ்-ரே திரையில் பார்த்துக்கொண்டே எலும்பைத் தக்க இடத்தில் பொருத்தி, பின்னல் ஊசியைப் போன்ற இரண்டு மூன்று மெல்லிய கம்பிகளைத் தோல் வழியாகச் செலுத்தி நிறுத்துகிறார்கள். பெரும்பாலும் கிழிப்பதே இல்லை. மூன்று நான்கு வாரத்தில் கம்பிகளை உருவிவிடுகிறார்கள். கம்பி இருப்பதால் முழங்கையை அதிகமாக மடக்கிக் கட்ட வேண்டிய அவசியமும் இல்லை. இரத்தக் குழாயும் பிழைக்கிறது. இந்த முறையின் மேன்மையே அதில்தான் இருக்கிறது.

கட்டை அவிழ்த்ததும் முழங்கை விறைப்பாக இருப்பதைக் கண்டு பெற்றோர் பதற வேண்டாம். விளையாட விட்டால் குழந்தை தானாகவே மடக்கி நீட்டிச் சில மாதங்களில் சரிசெய்துகொள்ளும். பிடித்து இழுத்து மடக்குவதால் கெடுதலே உண்டாகும்.

வளரும் எலும்பின் விசித்திரம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். புஜத்தெலும்பு நீள்வதில் 100-க்கு 80 பங்கு தோள் முனையிலும், 20 பங்கே முழங்கை முனையிலும் நடக்கிறது. ஆகவே சிறு பிள்ளைகளுக்குத் தோளருகே முறிந்து சற்றுக் கோணலாகச் சேர்ந்தாலும், வளர வளர இயற்கையே நேராக்கிவிடும். பெரும்பாலும் தூளி ஒன்றே சிகிச்சையாகிவிடுகிறது. முழங்கையருகே அந்தச் சலுகை கிடையாது. அங்கே ஏற்பட்ட கோணல், கை துப்பாக்கிக் கட்டைபோல் வளைந்து, அப்படியே நின்றுவிடும். முழங்கையின் வெளிப்புறத்து முனை உடைவது இன்னொரு மாயம். எக்ஸ்-ரேயில் சிறு செதில்போல்தான் தெரியும். கவனியாது விட்டால் ஒட்டாமலே போய், பல ஆண்டு கழித்து விரல்களின் நரம்பையும் பாதிக்கும். "வீக்கம் கொஞ்சம்தானே" என்று எக்ஸ்-ரே எடுக்காமல் இருந்துவிடக்கூடாது என்பதற்கு இது ஒன்றே போதிய காரணம்.

வளர்ந்தவர்களுக்கு

ஏணியிலிருந்து விழுந்த தொழிலாளிக்கு எலும்பின் நடுத்தண்டு முறிந்தது என்று வைத்துக்கொள்வோம். இங்கே நிலைமை வேறு. புஜத்தெலும்பைச் சுற்றிலும் தசை உண்டு. கை கீழ்நோக்கித் தொங்கும்போது அதன் பாரமே எலும்பை நேராக இழுத்துப் பிடிக்கிறது. முதலில் ஓரிரு வாரம் மாவுக்கட்டு. வீக்கம் வடிந்ததும் புஜத்தைச் சுற்றிக் கவசம்போல் ஓர் உறை. தோளையும் முழங்கையையும் அசைக்க விட்டே எலும்பைச் சேர்க்கும் இம்முறையைக் கொலம்பியாவில் பிறந்து அமெரிக்காவில் பணிபுரிந்த அகஸ்டோ சார்மியெண்டோ என்ற வைத்தியர் 1977-ல் வெளியிட்டார். அவர் பின்னால் வெளியிட்ட கணக்கில், தோல் கிழியாத முறிவுகளில் 100-க்கு இரண்டுகூடச் சேராமல் போகவில்லை. தோள் பல திசையிலும் சுழலக்கூடியதாகையால், சிறிது கோணலாகச் சேர்ந்தாலும் வேலைக்குத் தடை இராது.

ஆனால் பொறுமை வேண்டும். எலும்பு சேர இரண்டு மூன்று மாதம் ஆகலாம். ஆரம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்க வேண்டும். முழங்கையை நாற்காலிக் கையில் ஊன்றக்கூடாது. பீடி சுருட்டு பிடித்தால் எலும்பு சேர நாளாகும். நீரிழிவுக்காரர் சர்க்கரையைக் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும். எலும்பு வெளியே தெரிந்தாலும், இரத்தக் குழாய் அறுந்திருந்தாலும், உடம்பில் வேறு பல முறிவுகள் இருந்தாலும், உறையால் நேராக நில்லாவிட்டாலும் தகட்டையோ கம்பியையோ வைத்து ரண சிகிச்சை செய்வதே உசிதம்.

இந்த முறிவில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மணிக்கட்டு துவண்டு தொங்கிவிடுவதுண்டு. எலும்பைச் சுற்றிக்கொண்டு செல்லும் ரேடியல் நரம்பு அதிர்ச்சியடைவதே காரணம். "கை விளங்காமல் போய்விட்டது" என்று குடும்பமே கலங்கிவிடும். கலங்க வேண்டாம். இவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு, எந்த ரண சிகிச்சையும் இல்லாமலே, சில மாதங்களில் நரம்பு மீண்டுவிடுகிறது. அதுவரை மணிக்கட்டைத் தாங்கும் பட்டை கட்டி, விரல்கள் விறைக்காமல் அசைத்து வரவேண்டும்.

பாட்டிமார்களுக்கு

வயது முதிர்ந்தவர்களின் தோளருகு முறிவைப் பற்றி ஒரு நல்ல சேதி உண்டு. பிரிட்டனில் 250 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ரண சிகிச்சையும் மற்றதற்குத் தூளியும் பயிற்சியும் அளித்து இரண்டு வருஷம் கவனித்தார்கள். 2015-ல் வெளியான முடிவு, இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்பதே. ஆகவே எல்லோருக்கும் ஆபரேஷன் அவசியம் என்று எண்ண வேண்டியதில்லை. எவருக்கு வேண்டும் என்பதை வைத்தியர் எக்ஸ்-ரேயைப் பார்த்துச் சொல்வார். முறிந்த சில நாளில் முழங்கை வரையிலும் மார்பிலும் கறுத்து நீலம் பாயும். உறைந்த இரத்தம் கீழே இறங்குவதே அது, பயப்பட வேண்டாம். வைத்தியர் சொன்ன நாள் முதல், பெரும்பாலும் ஓரிரு வாரத்துக்குள், முன்புறம் குனிந்து கையைக் கடிகாரத்தின் ஊசல்போல் ஆட்டப் பழக வேண்டும். மாதக் கணக்கில் தூளியிலேயே வைத்திருந்தால் எலும்பு சேர்ந்தும் தோள் பூட்டிக்கொள்ளும். தடுக்கி விழுந்தே எலும்பு முறிந்ததென்றால், எலும்பின் பலத்தையும் பரிசோதித்து அதற்குரிய சிகிச்சையை ஆரம்பிக்க வேண்டும். அடுத்த முறை விழும்போது முறிவது இடுப்பாக இருக்கலாம்.

நாட்டுக் கட்டைப் பற்றி

நம் நாட்டில் எலும்பு கட்டும் வைத்தியம் நேற்று வந்ததன்று. சென்னையிலிருந்து திருப்பதி போகும் வழியிலுள்ள புத்தூரின் கட்டு தமிழ்நாடெங்கும் பெயர் பெற்றது. மூங்கில் பத்தை வைத்துத் தண்டு முறிவைத் தாங்குவதிலும், மற்ற மூட்டுகளை அசைய விடுவதிலும் உள்ள அனுபவ ஞானத்தைப் பரிகசிப்பது நியாயமாகாது. சார்மியெண்டோவின் உறைக்கும் அதற்கும் கருத்திலே உறவு உண்டு.

ஆனால் எந்தத் திறமையான கைக்கும் தோலுக்குள்ளே கண் கிடையாது. ரண்ட்கன் 1895-ல் எக்ஸ்-ரேயைக் கண்டுபிடித்த பிறகு அந்தக் கண் நமக்குக் கிடைத்திருக்கிறது. குழந்தையின் வீங்கிய முழங்கையில் எலும்பு எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைத் தடவிப் பார்த்து நிச்சயிக்க முடியாது. வீங்கிக்கொண்டே இருக்கும் இடத்தில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டுவது, கட்டுபவர் எவ்வளவு கைராசிக்காரரானாலும், பெரும் அபாயம். எட்டு வயதுப் பையனுக்குக் கை ஒரு நாளைக்கு மட்டும் வேண்டியதன்று. எழுதவும் மண்வெட்டி பிடிக்கவும் மிளகுக் கொடியைப் பற்றவும் இன்னும் அறுபது எழுபது வருஷம் வேண்டும். ஆகவே, பழக்கமான வைத்தியர்மேல் எவ்வளவு பக்தி இருந்தாலும், குழந்தையின் முழங்கையை மட்டும் முதலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதென்று ஒவ்வொரு குடும்பமும் நிச்சயம் செய்துகொள்ள வேண்டும். நல்ல நாட்டு வைத்தியரும் அந்தக் கட்டைப் போட மறுத்து, "விரல் நிறத்தைப் பார்த்துக்கொண்டே சேலத்துக்குக் கொண்டுபோங்கள்" என்றுதான் சொல்லுவார்.